கசகசா சைஸில் ஒரு வில்லன்... சட்டைக்கு மருந்து அடிக்கும் அமெரிக்க வேட்டைக்காரர்கள்!

அக்டோபர் பிறந்தால் போதும். அமெரிக்காவின் பென்சில்வேனியா, நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களின் கிராமப்புறங்களில், வேட்டைக்காரர் வீட்டுப் பின்கட்டில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கொடியில் பேன்ட், சட்டை, தொப்பி, சாக்ஸ் என வரிசையாகத் தொங்கும். எல்லாமே இலைதழை டிசைன் போட்ட துணிகள். வீட்டுக்காரர் கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு, ஸ்ப்ரே பாட்டிலால் ஒவ்வொரு துணியாக நனைத்துக்கொண்டிருப்பார். படிக்கட்டில் ஒரு ஜோடி பூட்ஸ் காய்ந்துகொண்டிருக்கும். பூனையை மட்டும் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்.

இது மான் வேட்டைக்கான முன்னேற்பாடு. நம் ஊரில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை என்ற பேச்சே முடிந்துவிட்டது. அங்கே கதை வேறு. வெள்ளைவால் மான்கள் பெருகிக் கிடக்கின்றன. அரசே உரிமம் கொடுத்து, நாள் குறித்து, எத்தனை மான் என்று கணக்கும் வைத்து வேட்டையை அனுமதிக்கிறது. அப்பா, பிள்ளை, பேத்தி என்று குடும்பமாகப் போகிறவர்களும் உண்டு. சுட்ட மானின் இறைச்சி குளிர்காலம் முழுக்க ஃப்ரீஸரில் இருக்கும்.

சரி, துப்பாக்கியும் வில்லும் வைத்திருப்பவர் எதற்குப் பயந்து சட்டைக்கு மருந்து அடிக்கிறார்? கரடிக்கா? இல்லை. ஒரு கசகசா விதை அளவே இருக்கும் பூச்சிக்கு. அதன் பெயர் உண்ணி.

புல் நுனியில் கை நீட்டி நிற்கும்!

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் குடித்து, ஆமணக்கு விதைபோல் உப்பியிருக்கும். அதைப் பார்ப்பது சுலபம். பிரச்னை, பசியோடு இருக்கும் உண்ணி. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ‘கறுப்புக்கால் உண்ணி’ என்று ஓர் இனம் இருக்கிறது. மான் உண்ணி என்றும் சொல்வார்கள். வளர்ந்த உண்ணி எள் அளவு. அதற்கு முந்தைய இளம் பருவத்தில் கசகசா அளவுதான். முழங்காலுக்குப் பின்னால் ஒரு கசகசா ஒட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? கடிக்கும்போது வலிக்கவும் செய்யாது. உணர்வை மழுங்கடிக்கும் பொருள் அதன் எச்சிலிலேயே இருக்கிறது.

உண்ணி பறக்காது, தாவாது. மரத்திலிருந்து தலையில் குதிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் கிடையாது. புல்லின் நுனியிலோ செடியின் இலையிலோ ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டியபடி காத்திருக்கும். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுபவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அதே போஸ்தான். அந்த முன்னங்கால்களில்தான் அதன் ‘மூக்கு’ இருக்கிறது. நாம் விடும் மூச்சையும் உடல் சூட்டையும் அதை வைத்தே உணரும். பக்கத்தில் ஒரு கால் உரசினால் போதும், ஏறிக்கொள்ளும். பிறகு மேல்நோக்கி ஊர ஆரம்பிக்கும். தலைமுடிக்குள் உண்ணி கிடைப்பதற்குக் காரணம் இதுதான். அது மேலேயிருந்து விழுந்ததில்லை, காலிலிருந்து நடந்து போனது.

அதன் வாழ்நாள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். அதற்குள் மொத்தமே மூன்று முறைதான் சாப்பிடும். முட்டையிலிருந்து வந்ததும் ஒருமுறை, இளம் பருவத்தில் ஒருமுறை, வளர்ந்த பிறகு ஒருமுறை. முதல் விருந்து பெரும்பாலும் காட்டு எலி. நோய்க்கிருமி உண்ணிக்குள் போவது இந்த எலியிடமிருந்துதான். பாவம், பெயர் கெட்டது என்னவோ மானுக்கு! மானின் ரத்தத்திலிருந்து உண்ணிக்கு லைம் கிருமி தொற்றுவதில்லை. ஆனால், வளர்ந்த உண்ணிகள் வயிறு நிறைய குடித்து முட்டையிடுவதற்கு மான்தான் சாப்பாட்டு மேஜை. மான் அதிகமானால் உண்ணியும் அதிகம்.

வேட்டைக்காரருக்கு இதில்தான் சிக்கல். பூச்சி என்றால் கோடையோடு போய்விடும் என்று நினைப்போம். கறுப்புக்கால் உண்ணியில் வளர்ந்தவை சுறுசுறுப்பாவதே அக்டோபர், நவம்பரில்தான். சரியாக மான் வேட்டைக் காலம். தரை உறையாமல், வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் டிசம்பரில்கூட நடமாடும். ஏப்ரல், மே மாதங்களில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். மானுக்கு மரத்தில் பரண் கட்டி உட்காரலாம். வான்கோழிக்கு, அடிமரத்தில் சாய்ந்து, சருகுமேல் அசையாமல் மணிக்கணக்கில் தரையில் உட்கார வேண்டும். உண்ணிக்கு வேறென்ன வேண்டும்?

ஓர் அம்மா எழுதிவைத்த நோட்டு

இந்த உண்ணி பரப்பும் முக்கியமான நோய்க்குப் பெயர் லைம் நோய். லைம் என்றால் எலுமிச்சை இல்லை, ஊர் பெயர். கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் சின்ன ஊர் அது.

1970-களில் அங்கே பாலி மர்ரே என்ற பெண் வாழ்ந்தார். ஓவியர், நான்கு குழந்தைகளின் அம்மா. அவருக்கும் அவர் வீட்டில் இருந்தவர்களுக்கும் மாறி மாறி மூட்டு வீக்கம், தோலில் தடிப்பு, காய்ச்சல், சோர்வு. டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை, சிலர் எல்லாம் அவருடைய கற்பனை என்றே நினைத்தார்கள். அவர் விடவில்லை. யாருக்கு, என்றைக்கு, எந்த மூட்டு வீங்கியது என்று குறித்துவைத்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் இதே தொல்லை இருப்பதைக் கவனித்தார். குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அது அபூர்வமான நோய். ஒரே தெருவில் இத்தனை பேருக்கு எப்படி வரும்?

1975-ல் அவர் மாநில சுகாதாரத் துறையைத் தொடர்புகொண்டார். இன்னொரு தாயும் தனியாக இதே புகாரைச் சொன்னார். யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் விசாரணையில் இறங்கினார். லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹேடம் என்ற அடுத்தடுத்த மூன்று ஊர்களில் 51 பேர். அதில் 39 பேர் குழந்தைகள். பெரும்பாலானோர் காட்டை ஒட்டிய வீடுகளில் இருந்தவர்கள். மூட்டு வலிக்கு முன்பே தோலில் வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்பு வந்ததாகப் பலர் சொன்னார்கள். அதுதான் உண்ணியின் பக்கம் கையைக் காட்டியது.

கிருமியைக் கண்ணால் பார்க்க மேலும் சில ஆண்டுகள் ஆனது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் உண்ணிகளை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லி பர்க்டார்ஃபர், உண்ணியின் குடலில் திருகாணிபோல் சுருண்ட பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கண்டுபிடிப்பு 1982-ல் வெளியானது. கிருமிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் மதிப்பிடுகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே பெரும்பாலானோர் குணமாகிவிடுவார்கள். விட்டுவிட்டால் மூட்டு, நரம்பு, இதயம் வரை போகும். முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம். மனிதர்களுக்கென்று 1998-ல் ஒரு தடுப்பூசி வந்தது. 2002-ல் நிறுவனமே அதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது.

மானைச் சுடலாம், சாப்பிட முடியாது!

லைம் நோயைவிட வேட்டைக்காரர்களை அதிகம் கலங்கவைப்பது இன்னொன்று. தென்கிழக்கு மாநிலங்களில் ‘லோன் ஸ்டார்’ என்று ஓர் உண்ணி. பெண் உண்ணியின் முதுகில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். இது புல் நுனியில் காத்திருப்பதோடு நிற்காது, ஆளை உணர்ந்தால் தேடி நடந்தே வரும். இது கடித்த சிலருக்கு அதன் பிறகு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மான் இறைச்சி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகிறது.

காரணம், ‘ஆல்ஃபா-கேல்’ என்ற சர்க்கரை மூலக்கூறு. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றின் உடலில் இது உண்டு, மனிதர்களிடம் இல்லை. உண்ணி கடிக்கும்போது இது நம் உடலுக்குள் போக, நோய் எதிர்ப்பு சக்தி இதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை தட்டில் மட்டன் வந்தால் போர்தான். கொடுமை என்னவென்றால், சாப்பிட்ட உடனே ஒன்றும் ஆகாது. இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில் உடம்பெல்லாம் தடித்து, வயிறு புரட்டி, சிலருக்கு மூச்சே திணறும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிரியாணிக்கும் விடியற்காலை இரண்டு மணித் தடிப்புக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? கோழியும் மீனும் பிரச்னை இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ். புற்றுநோய் மருந்து ஒன்று குறிப்பிட்ட மாநிலங்களில் மட்டும் நோயாளிகளுக்குக் கடும் ஒவ்வாமையைத் தருவது ஏன் என்று தேடிப் போனவர், ஆல்ஃபா-கேலில் வந்து நின்றார். பிறகு மலையேறப் போன இடத்தில் அவரையே உண்ணிகள் கடித்தன. அதற்குப் பிறகு ஆட்டிறைச்சி சாப்பிட்ட ஓர் இரவில் அவருக்கே தடிப்பு வந்தது. அமெரிக்காவில் 2010-க்குப் பிறகு 4,50,000 பேர் வரை இந்தப் பாதிப்புக்கு ஆளாகியிருக்கலாம் என்பது 2023-ல் வெளியான மதிப்பீடு. ஃப்ரீஸர் நிறைய மான் கறி வைத்திருக்கும் குடும்பத்தில் இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

பூவிலிருந்து வந்த மருந்து

இப்போது அந்த ஸ்ப்ரே பாட்டிலுக்கு வருவோம். உள்ளே இருப்பது பெர்மெத்ரின். இதன் முன்னோடி ஒரு பூ. வெள்ளைச் சாமந்தி போன்ற பைரித்ரம் பூவைக் காயவைத்துப் பொடித்தால் பூச்சிகள் செத்துவிழும். இது ரொம்பப் பழைய விஷயம். ஆனால், அந்தப் பொடி வெயில் பட்டால் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். 1973-ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர், வெயிலைத் தாங்கும்படி அதே குணமுள்ள ஒரு பொருளைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அதுதான் பெர்மெத்ரின்.

1990-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க ராணுவம் தன் சீருடைகளுக்கு இதை ஏற்றுகிறது. 2003-லிருந்து தொழிற்சாலையிலேயே பெர்மெத்ரின் ஏற்றிய உடைகள் பொதுமக்களுக்கும் கடையில் கிடைக்கின்றன. பாட்டில் வாங்கி வீட்டிலேயே அடித்துக்கொள்பவர்களும் ஏராளம்.

கொசு விரட்டி க்ரீமிலிருந்து இது அடிப்படையிலேயே வேறு. க்ரீம் பூச்சியைக் கிட்டே வராமல் தடுக்கும், அவ்வளவுதான். பெர்மெத்ரின் ஏறிய துணியில் உண்ணி ஏறத்தான் செய்யும். ஏறியதும் சூடான தோசைக்கல்லில் கால் வைத்த மாதிரி துடிக்கும். அதன் நரம்புகள் ஓய்வில்லாமல் தூண்டப்படும். பிடி தளர்ந்து விழும், அல்லது கொஞ்ச தூரம் ஊர்ந்து செத்துப்போகும். தோலை எட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

வேட்டைக்காரர்களுக்கு இது பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம், வாசனை. மானுக்கு மோப்ப சக்தி அபாரம். வாசனை சோப்புகூடப் போடாமல் குளித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் இவர்கள். பூச்சி விரட்டி க்ரீம்களில் இருக்கும் டீட் என்ற பொருளுக்கு ஒரு நெடி உண்டு, அது சில பிளாஸ்டிக்குகளையும் கரைத்துவிடும். கண்ணாடி ஃப்ரேம், வாட்ச், வில்லின் பாகங்கள் எல்லாம் பாழாகலாம். பெர்மெத்ரின் துணியில் காய்ந்துவிட்டால் மணமே இருக்காது.

சாக்ஸில் ஆரம்பியுங்கள்

எப்படி அடிக்கிறார்கள்? வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில், துணியை மாட்டிவைக்க வேண்டும். உடுத்தியிருக்கும் துணிமேல் அடிக்கவே கூடாது. துணிக்கென்றே விற்கும் 0.5 சதவீத ஸ்ப்ரேயைத்தான் வாங்க வேண்டும். அரை அடி தூரத்திலிருந்து, துணி லேசாக நனையும்வரை, முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் அடிக்கிறார்கள். கைமடிப்பு, பேன்ட்டின் கீழ்விளிம்பு, இடுப்புப் பட்டை ஆகிய இடங்களில் கொஞ்சம் தாராளமாக. பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம், ஈரக்காற்று அடிக்கும் நாளானால் நான்கு மணி நேரம் காய வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகே உடுத்த வேண்டும்.

பூட்ஸும் சாக்ஸும்தான் இதில் ராஜா. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய்க்கிருமி இல்லாத உண்ணிகளை ஆய்வகத்தில் வளர்த்து, தன்னார்வலர்களின் உடைமேல் விட்டுப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: மருந்து ஏற்றிய ஷூவும் சாக்ஸும் அணிந்தவர்களுக்கு, சாதாரண ஷூ, சாக்ஸ் அணிந்தவர்களைவிட உண்ணிக்கடி வாய்ப்பு 73.6 மடங்கு குறைவு. உண்ணி கீழேயிருந்து மேலே ஏறுகிறது என்பதை நினைவில் வைத்தால் இதில் ஆச்சர்யம் இல்லை. சட்டைக்கு அடித்துவிட்டு சாக்ஸை மறந்தவர், வாசலைத் திறந்துபோட்டு ஜன்னலைப் பூட்டியவர்தான். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது பார்க்கக் கொஞ்சம் காமெடியாக இருக்கும். காட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

இது எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டில் அடித்தது சுமார் ஆறு வாரம் அல்லது ஆறு சலவை. தொழிற்சாலையில் ஏற்றியதற்கு 70 சலவை வரை என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆனால், வடக்கு கரோலினாவில் வனம், பூங்கா போன்ற துறைகளின் களப்பணியாளர்களிடம் நடந்து, 2014-ல் வெளியான ஆய்வு வேறொன்றையும் காட்டுகிறது. மருந்து ஏற்றிய சீருடை முதல் ஆண்டில் உண்ணிக்கடியை 82 சதவீதம் குறைத்தது. அதே சீருடை இரண்டாம் ஆண்டில் அதில் பாதிகூடத் தரவில்லை. லேபிளில் இருக்கும் எண்ணை நம்பி ஐந்தாறு சீஸனுக்கு ஒரே பேன்ட்டை ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விவரமானவர்கள் காலருக்குள் மார்க்கரில் தேதி எழுதிவைக்கிறார்கள். ட்ரை கிளீனிங் கொடுத்தால் மருந்து மொத்தமும் போய்விடும். வெயிலிலும் மெல்ல மெல்லக் குறையும் என்பதால், வேட்டை முடிந்ததும் துணியைக் கறுப்புப் பையில் கட்டிவைப்பது வழக்கம்.

பூனையை ஏன் பூட்டினார்?

ஈரமான பெர்மெத்ரின் பூனைக்கு எமன். நமக்கும் நாய்க்கும் கல்லீரலில் இதைச் சிதைத்து வெளியேற்றும் வசதி இருக்கிறது. பூனைக்கு அது போதாது. ஈரத்துணியில் உரசிவிட்டு உடம்பை நக்கினால் நடுக்கம், வலிப்பு வரை போகும். காய்ந்த பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். மீனுக்கும் தேனீக்கும் இது கடும் விஷம். மிச்சமான கரைசலை ஓடையிலோ சாக்கடையிலோ ஊற்றுவது பெரிய தவறு.

இன்னொரு தவறு, காசு மிச்சப்படுத்த நினைப்பவர்கள் செய்வது. கால்நடைக்கும் தோட்டத்துக்கும் விற்கும் அடர்த்தியான பெர்மெத்ரினை வாங்கி, தண்ணீர் கலந்து தாங்களே 0.5 சதவீதம் ஆக்கிக்கொள்கிறார்கள். கணக்கு சரியாகவே இருந்தாலும், அந்த டப்பாவில் இருக்கும் மற்ற கரைப்பான்கள் தோலோடு ஒட்டிக் கிடக்கும் துணிக்காகத் தயாரானவை இல்லை. நாள் முழுக்க வியர்வையோடு சேர்த்து உடுத்தப்போகும் துணி அது. கையில் அடர்த்தியான மருந்து சிந்தும் ஆபத்து வேறு. சில டாலர்கள் மிச்சம் என்பதற்காக இந்த வேலை தேவையில்லை. நம் ஊர் வயல்களில் அடிக்கும் சைபர்மெத்ரினும் இதே குடும்பம்தான். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதைச் சட்டைக்கு அடித்துப் பார்க்கும் யோசனை யாருக்கும் வந்துவிடக் கூடாது.

“சொறி, சிரங்குக்கு டாக்டர் பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக்கொடுத்தாரே, அதைத் தோலில்தானே தடவினோம்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த க்ரீமில் இருப்பது 5 சதவீதம், துணி ஸ்ப்ரேயைப்போல் பத்து மடங்கு. ஆனால், அது தோலுக்கென்றே தயாரான க்ரீம். டாக்டர் சொன்ன நேரத்துக்குத் தடவி, கழுவிவிடுகிறோம். மருந்தை நம் தோல் சீக்கிரமே சிதைத்துவிடுவதால், தோலில் ஸ்ப்ரே அடித்தால் உண்ணியிடமிருந்து பாதுகாப்பும் கிடைக்காது. துணிக்கு பெர்மெத்ரின், வெளியே தெரியும் கைக்கும் கழுத்துக்கும் தோலுக்கான விரட்டி என்று பிரித்துவைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மான் இறந்து உடல் சூடு குறைந்ததும், அதன்மேல் இருக்கும் உண்ணிகள் வேறு ஆள் தேடிக் கிளம்பும். மானைத் தோளிலோ கயிற்றிலோ இழுத்து வருபவர்தான் பக்கத்தில் இருக்கும் ஆள். அவரோடு வண்டிக்கும், வீட்டுக்கும், குழந்தையின் சோஃபாவுக்கும் உண்ணி வந்துவிடலாம். அதனால் வீடு திரும்பியதும் துணிகளைக் கழற்றி, ட்ரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள். சலவைத் தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும் உண்ணி, உலர்ந்த சூட்டில் பிழைக்காது. பிறகு குளியல், கண்ணாடி முன் ஒரு சோதனை. அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தொப்புள், தலைமுடி என ஓர் இடம் விடாமல்.

ஒட்டியிருந்தால்? கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். எரிச்சலில் அது எச்சிலை இன்னும் உள்ளே தள்ளிவிடலாம். லைம் கிருமி தொற்றுவதற்குப் பொதுவாக உண்ணி 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்றே தேடி எடுப்பது பாதி சிகிச்சைக்குச் சமம். மகன், மகள் வீடு என்று நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் கோடையில் போய்த் தங்கும் நம் ஊர் பெற்றோர்களுக்கும் இது பொருந்தும். அங்கே மான் தேடிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, பின்கட்டுத் தோட்டத்துக்கே வரும். பேரனோடு புல்தரையில் விளையாடிவிட்டு வந்தால் ஒருமுறை காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் வட்டமாகத் தடிப்பு வந்து பெரிதானால், அரிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் பக்கத்துக் காடுகளில்...

இங்கே லைம் நோயைவிட நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது குரங்குக் காய்ச்சல். கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காடு. 1957-ல் அங்கே குரங்குகள் வரிசையாகச் செத்து விழ, கிராம மக்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. உண்ணி பரப்பும் ஒரு வைரஸ்தான் காரணம் என்று தெரிந்தது. நூறு பேருக்கு வந்தால் மூன்று முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்கிறார்கள். டிசம்பரிலிருந்து மே வரை இதன் காலம். பிற்பாடு வயநாடு, நீலகிரி, கோவா வரை இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. பல ஆண்டுகள் போட்டுவந்த தடுப்பூசியும் போதிய பலன் தரவில்லை என்று நிறுத்தப்பட்டுவிட்டது.

அதனால் கர்நாடக சுகாதாரத் துறை காட்டோரக் கிராமங்களுக்கு ‘டெபா’ என்ற எண்ணெயைக் கொடுக்கிறது. குவாலியரில் இருக்கும் நம் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு. காட்டுக்குள் போகும் முன் கை, கால்களில் தடவிக்கொள்ள வேண்டும். திரும்பியதும் வெந்நீரில் குளித்து, துணியையும் வெந்நீரில் அலச வேண்டும். அங்கே காட்டுக்குள் போகிறவர்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. விறகு பொறுக்குபவர்கள், பாக்குத் தோட்டத்துக்குச் சருகு அள்ளுபவர்கள், மாடு மேய்ப்பவர்கள். பலர் காலில் பூட்ஸும் கிடையாது, சாக்ஸும் கிடையாது. அமெரிக்க ஆய்வில் வந்த அந்த 73 மடங்குப் பாதுகாப்பு முழுக்கவும் ஷூவிலும் சாக்ஸிலும் இருந்தது. வியர்வையில் கரைந்துபோகும் எண்ணெயை வெறுங்காலில் தடவிக்கொண்டு நாள் முழுக்கச் சருகில் நடப்பவருக்கு, முதலில் மூடிய காலணி கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்திகளில் வருவது இன்னொரு நோய், ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது உண்ணியின் தூரத்துச் சொந்தமான, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. புதர், வயல் வரப்பு, புல்மேடு எங்கும் இருக்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு தோன்றலாம். வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று மறைவான இடத்தில் இருப்பதால் நோயாளியே பார்த்திருக்க மாட்டார். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மாத்திரைகளுக்குக் கட்டுப்படும் நோய்தான். தாமதமானால்தான் நுரையீரல், சிறுநீரகம் என்று பாதிக்கும்.

காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது, “போன வாரம் புல் அறுத்தேன்”, “ட்ரெக்கிங் போனேன்”, “தோப்பில் படுத்திருந்தேன்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் எழுதுவது என்று தீர்மானிக்க அவருக்கு அது உதவும்.